புயலுக்குப் பிறகு: காப்புறுதிக் கம்பனியிடமும் கூரை பாஸிடமும்

2025 நவம்பர் 28 அன்று டித்வா சூறாவளி இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறியது. 600க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டி, கடுவலைப் பக்கத்து வீடுகள் நாட்கணக்கில் நீரில் நின்றன. கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பெரும்பாலான வீடுகளுக்கு ஆற்றைவிடக் கூரையால்தான் ஆபத்து. கடற்காற்றில் துருவேறிய ஆணிகள், இலை அடைத்த பீலி, பாட்டன் காலத்து ஓடு, பக்கத்து வீட்டோடு பொதுவாக நிற்கும் சுவர். இவற்றுக்கு ஓர் இரவுக் காற்றும் மழையும் போதும்.

புயல் கொண்டுபோவது ஒரு பங்கு. அடுத்த இரண்டு வாரத்தில் நாமாக இழப்பது இன்னொரு பங்கு. படம் எடுக்காமல் கழுவி விடுகிறோம், வாசிக்காமல் கையெழுத்து வைக்கிறோம், அவசரத்தில் முற்பணம் கொடுக்கிறோம். இந்த இரண்டாவது இழப்பைத் தடுக்க முடியும்.

செய்ய வேண்டியவை

- முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். சுவர் ஈரமாக இருக்கும்வரை, வயரிங் தெரிந்த ஒருவர் பார்க்காமல் திரும்பப் போட வேண்டாம். வெளியே கம்பி அறுந்து கிடந்தால் 1987 என்ற மின்சார முறைப்பாட்டு இலக்கத்துக்கு அழையுங்கள்.

- துடைக்க முன் படம் எடுங்கள். முழு அறை தெரிய ஒன்று, சேதம் கிட்டத் தெரிய ஒன்று, சுவரில் நீர் நின்ற அடையாளத்துக்குப் பக்கத்தில் அளவு நாடா பிடித்து ஒன்று. குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம், தொலைக்காட்சி ஆகியவற்றின் தொடரிலக்கத் தகட்டையும் எடுங்கள். பொதுச்சுவர் என்றால் பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டு, இருவரும் சேர்ந்தே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு யார் பக்கத்துச் சேதம் என்ற வழக்கு வராது.

- அன்றைக்கே காப்புறுதிக் கம்பனிக்குச் சொல்லுங்கள். தொலைபேசியில் சொல்லிவிட்டு, அதையே மின்னஞ்சலிலோ கடிதத்திலோ எழுதுங்கள். கோரிக்கை இலக்கத்தையும் பேசியவரின் பெயரையும் குறித்து வையுங்கள். வீட்டுக் கடன் இருந்தால் வங்கிக்கும் அறிவியுங்கள். அடகு வைத்த வீட்டின் பொலிசி பெரும்பாலும் வங்கியின் பேரில் ஒப்படைக்கப்பட்டிருக்கும். காசோலை அங்கே போய்விடலாம்.

- தறப்பாள் போட்டு ஓட்டையை மூடுங்கள். சேதம் பெருகாமல் பார்ப்பது உங்கள் கடமை என்று பொலிசியிலேயே இருக்கும். தறப்பாள், கயிறு, கூலி எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

- பொலிசியில் இரண்டு இடங்களைத் தேடி வாசியுங்கள். ஒன்று, எந்த ஆபத்துகளுக்குக் காப்புறுதி என்ற பகுதி. அடிப்படைத் தீக் காப்புறுதியில் தீயும் மின்னலும் இருக்கும்; சூறாவளி, புயல், வெள்ளம் என்பவை பெரும்பாலும் மேலதிகக் கட்டணத்துக்குச் சேர்ப்பவை. வங்கி சொன்னதற்காக எடுத்த பொலிசியில் அவை சேர்ந்தனவா என்று பலருக்குத் தெரியாது.

மற்றது, காப்புறுதித் தொகை. இங்கேதான் குடும்பங்கள் அதிகம் அடிபடுகின்றன. வீட்டைத் திரும்பக் கட்ட 2 கோடி ரூபா வேண்டும், பொலிசியில் எழுதியிருப்பது 1 கோடி, கூரைக்கு நேர்ந்த சேதம் 20 இலட்சம் என்று வையுங்கள். கம்பனி 20 இலட்சத்தையும் தராது. நீங்கள் பாதிப் பெறுமதிக்குத்தான் காப்புறுதி செய்தீர்கள், ஆகவே பாதி நட்டம் உங்களுடையது என்று 10 இலட்சமாகக் குறைக்கும். அதிலிருந்து நீங்கள் ஏற்க வேண்டிய ஆரம்பத் தொகையையும் கழிக்கும். சராசரி விதி என்று பொலிசியில் இருப்பது இதைத்தான். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை போனது. கம்பி, சீமெந்து, ஓடு எல்லாம் அதோடு ஏறின. 2019இல் எழுதிய தொகையையே வருடா வருடம் புதுப்பிப்பவர்கள் தங்களை அறியாமலே பாதிக் காப்புறுதியில் இருக்கிறார்கள். காணியின் விலையை இதில் சேர்க்க வேண்டாம். வெள்ளவத்தையில் ஒரு பேர்ச் என்ன விலை போனாலும், புயல் காணியைக் கொண்டு போகாது. கட்டடத்தைத் திரும்பக் கட்டும் செலவுதான் கணக்கு.

- நட்ட மதிப்பீட்டாளர் வரும்போது வீட்டில் இருங்கள். அவருக்குக் கட்டணம் கொடுப்பது கம்பனி. மரியாதையாகப் பேசுங்கள், ஆனால் ஒவ்வோர் அறையாக நீங்களே காட்டுங்கள். "இது பழைய ஒழுக்கு, நாட்பட்ட தேய்வு" என்பதுதான் அடிக்கடி வரும் மறுப்பு. போன வருடம் கூரை திருத்திய பற்றுச்சீட்டு, புயலுக்கு முன் வீட்டு விசேஷங்களில் எடுத்த படங்கள் எல்லாம் அப்போது பேசும். அன்றைய மழையளவு, காற்று வேகம் பற்றி பௌத்தாலோக மாவத்தையிலுள்ள வளிமண்டலவியல் திணைக்களத்திடம் கேட்டுப் பாருங்கள்.

- சேதத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் பதியுங்கள். கொட்டாஞ்சேனை கொழும்புப் பிரதேச செயலகத்துக்கும், வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாயவுக்கும் உரியவை. டித்வாவுக்குப் பிறகு அரசாங்கம் வீடு துப்பரவாக்க 25,000 ரூபாவும், முற்றாக அழிந்த வீட்டைக் கட்ட 50 இலட்சம் வரையும் அறிவித்தது. கம்பனிக் கோரிக்கை போட்டுவிட்டோமே என்று இந்தப் பதிவை விட்டுவிடாதீர்கள்.

- உரிமையாளர் டொரன்ரோவிலோ லண்டனிலோ இருந்தால், கட்டடக் கோரிக்கையில் கையெழுத்து வைக்க வேண்டியவர் அவரே. இங்குள்ள ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் முன்கூட்டியே இருந்தால் வாரக்கணக்கு மிச்சம். வாடகைக்கு இருப்பவரின் தளபாடத்துக்கு வீட்டுக்காரரின் பொலிசி பொறுப்பேற்காது.

- தொடர்மாடியில் இருப்பவர்கள், கூரையும் வெளிச்சுவரும் யாருடைய காப்புறுதியில் என்று முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

- திருத்த வேலைக்கு இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். எத்தனை சதுர அடி, எந்தத் தகடு, எத்தனை நாள், 18 சதவீத வற் வரி உள்ளேயா வெளியேயா என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். பெரிய வேலை என்றால், ஒப்பந்தகாரர் விஜேராம மாவத்தையிலுள்ள நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபையில் பதிந்தவரா என்று பாருங்கள். பொருட்களைப் பழைய சோனகத் தெருவில் நீங்களே உங்கள் பெயருக்குப் பில் போட்டு வாங்கலாம். கூரை வேலை செய்யும் பாஸுக்குக் கூலி மட்டும்.

செய்யக்கூடாதவை

- மதிப்பீட்டாளர் பார்க்க முன் எதையும் எறிய வேண்டாம். மெத்தை நாறுகிறது, வைத்திருக்க முடியாது என்றால், கம்பனிக்கு எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகு எறியுங்கள்.

- "முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு" என்ற தாளில் முதல் நாளே கையெழுத்து வைக்க வேண்டாம். சுவர் காய்ந்த பிறகுதான் வெடிப்புத் தெரியும், மரம் உளுத்தது தெரியும். கையெழுத்துக்குப் பிறகு அவற்றைக் கேட்பது மிகக் கடினம். பணம் அவசரமென்றால் இடைக்காலக் கொடுப்பனவு கேளுங்கள்.

- வாசிக்கத் தெரியாத மொழித் தாளில் ஒப்பமிட வேண்டாம். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ படிவத்தை நீட்டி "சும்மா ஒரு சைன்" என்று சொன்னால், ஒரு நாள் தரும்படி கேளுங்கள். வயதான தாய் தகப்பன் தனியே இருக்கும் வீடுகளில் இதை அவர்களுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். அரச அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதுவதும் தமிழில் பதில் பெறுவதும் அரசியலமைப்பு தந்த உரிமை.

- புயலுக்கு அடுத்த நாள் வாசலில் வந்து நிற்கும் அறியாத பாஸிடம் முழுக் காசையும் கொடுக்க வேண்டாம். சாமான் வந்து இறங்கியதும் ஒரு பங்கு, கூரை மூடியதும் ஒரு பங்கு, ஒரு நல்ல மழை பெய்து ஒழுகாமல் இருந்தால் மிச்சம்.

- "பில்லைக் கூட்டி எழுதித் தாறன், அண்ணை" என்பதற்கு இணங்க வேண்டாம். பொய் ஒன்று பிடிபட்டால், உண்மையான சேதத்துக்கான கோரிக்கையும் சேர்ந்து போய்விடும்.

- அஸ்பெஸ்டஸ் தகட்டைச் சுத்தியலால் உடைக்கவோ காய்ந்தபடி கூட்டவோ விட வேண்டாம். நீர் தெளித்து, முழுத் தகடாகக் கழற்றச் சொல்லுங்கள். எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. இலங்கை அதைத் தடைசெய்யத் தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில், அஸ்பெஸ்டஸ் விற்கும் ரஷ்யா நம் தேயிலை இறக்குமதியை நிறுத்தியதும் அந்தத் தடை பின்வாங்கப்பட்டது. அந்தத் தகட்டின் கீழ்த்தான் இன்னும் பிள்ளைகள் படுக்கிறார்கள்.

- வாயால் சொன்ன மறுப்பை ஏற்க வேண்டாம். எந்த விதியின் கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவு முதலில். சரிவராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி, அல்லது கோட்டை உலக வர்த்தக மையத்திலுள்ள இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு.

- பழைய தொகைக்கே அடுத்த வருடமும் புதுப்பிக்க வேண்டாம். தென்மேல் பருவக்காற்று மே மாதத்தில் தொடங்கும். அதற்கு முன் பொலிசியை எடுத்து, "வெள்ளம், சூறாவளி" என்ற சொற்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கே கம்பனிக்குப் போய் அவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.