ஆயில் விளக்கை நம்பி வண்டி ஓட்டாதீர்கள்

"மீட்டர்ல ரெட் லைட்டு எரியலியே சார், ஆயில் இருக்கு."

மண்ணூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்தில் இந்தப் பேச்சைக் கேட்காமல் எனக்கு ஒரு வாரமும் போவதில்லை. கம்பெனி ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுநர் சொல்கிறார். தவணையில் புதுக் கார் எடுத்த இளம் பொறியாளர் சொல்கிறார். கார் செய்யும் தொழிற்சாலையிலேயே வேலை பார்ப்பவரும் சொல்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. 1998இல் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளியே வந்தது. ஒரகடத்துக்கு 2010இல் ரெனோ–நிசான் வந்தது, 2012இல் பாரத்பென்ஸ் லாரி வந்தது, 2013இல் ராயல் என்ஃபீல்டு வந்தது. கால் நூற்றாண்டுக்கு மேலாக இன்ஜினால் சோறு தின்னும் வட்டாரம் இது. இங்கே இருந்துகொண்டு ஒருவர் பானட்டைத் தூக்கி ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்க்க மறுத்தால், அதைச் சோம்பல் என்றுதான் சொல்வேன்.

அந்தச் சிவப்பு விளக்கு ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவதில்லை. ஆயிலின் அழுத்தத்தைக் காட்டுகிறது. இன்ஜின் பிளாக்கில் ஒரு சின்ன சுவிட்ச் பொருத்தியிருப்பார்கள். பெரும்பாலான வண்டிகளில் அழுத்தம் 0.3 அல்லது 0.5 பார் அளவுக்கு விழுந்தால்தான் அது விளக்கை எரிய விடும். நன்றாகச் சூடேறிய இன்ஜின் சும்மா ஐடிலில் நிற்கும்போதே ஏறத்தாழ 1 பார் இருக்கும். ஓட்டத்தில் 3, 4 பார் வரை போகும். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் சேம்பரில் ஆயில் பாதியாகக் குறைந்து போனாலும், பம்பின் உறிஞ்சுகுழாய் வாய் ஆயிலில் மூழ்கியிருக்கும் வரை அழுத்தம் இறங்காது, விளக்கும் எரியாது. குழாய் ஆயிலை விட்டுக் காற்றை இழுக்க ஆரம்பித்த பிறகுதான் எரியும். முதலில் வளைவில் திரும்பும்போதோ, திடீரென பிரேக் அடிக்கும்போதோ மின்னும். ஆயில் ஒரு பக்கமாகச் சாய்ந்து குழாய் வாய் வெளியே தெரிகிறது என்பது அதன் பொருள். ஒரு நொடி மின்னி அணைந்ததை "வயரிங்ல ஏதோ லூஸ்" என்று சொல்லிக்கொண்டு வாலாஜாபாத் வரை ஓட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

அந்த ஒரு நொடியில் உள்ளே நடப்பது என்ன? கிராங்க் ஷாஃப்டும் அதன் பேரிங்கும் ஓட்டத்தில் ஒன்றையொன்று தொடக் கூடாது. இரண்டுக்கும் நடுவே தலைமுடியின் தடிமனைவிடக் குறுகலான இடைவெளி. அதில் நிற்கும் ஆயில் படலம்தான் முழு பாரத்தையும் தாங்குகிறது. படலம் அறுந்தால் உலோகம் உலோகத்தில் உரசும். டர்போ உள்ள வண்டி என்றால் இன்னும் மோசம். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது, ஆயிலைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் கிடையாது. இன்ஜின் பிரித்துக் கோக்கும் தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன்: பேரிங் தேய்ந்து செம்பு நிறம் தெரிய வந்து நிற்கும் இன்ஜின்களின் சொந்தக்காரர்கள் பலரும், "லைட்டு எரியவே இல்ல சார்" என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. விளக்கு எரிகிற கட்டத்துக்கு முன்பிருந்தே குறைந்த ஆயில் அளவுக்கு மீறிச் சூடாகி, அழுக்கேறி, தன் வேலையைச் செய்ய முடியாமல் கிடந்திருக்கிறது. சிவப்பு விளக்கு எரிந்தால் "பக்கத்து மெக்கானிக் வரைக்கும் போயிடலாம்" என்ற பேச்சே கூடாது. ஓரம் கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும்.

சில புதிய வண்டிகளில் ஆயில் அளவுக்கென்றே தனியாக மஞ்சள் எச்சரிக்கை உண்டு. விலை உயர்ந்த சில கார்களில் ஸ்டிக்கே இல்லாமல் திரையில்தான் அளவு பார்க்க முடியும். உங்கள் வண்டி அந்த வகையா என்பது கையேட்டில் எழுதியிருக்கிறது. படியுங்கள்.

"லீக் இல்ல, புகை இல்ல, எப்படி சார் குறையும்?" என்பது அடுத்த கேள்வி. பிஸ்டன் ரிங்கைத் தாண்டியும், வால்வு சீல் வழியாகவும் கொஞ்சம் ஆயில் எரிந்துகொண்டேதான் இருக்கும். 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை குறைவது இயல்பு என்று ஐரோப்பிய நிறுவனங்கள் சிலவற்றின் கையேடுகளே சொல்கின்றன. அதைவிடக் கூடுதலாக அனுமதிப்பவையும் உண்டு. அவ்வளவு வேண்டாம். கொஞ்சம் ஓடித் தேய்ந்த இன்ஜின் 1,000 கிலோமீட்டருக்கு 200 மில்லி குடிப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த அளவு புகையாகக் கண்ணுக்குத் தெரியாது. ஸ்டிக்கில் மேல் கோட்டுக்கும் கீழ்க் கோட்டுக்கும் இடையே உள்ளது சுமார் ஒரு லிட்டர். 5,000 கிலோமீட்டரில் கீழ்க் கோட்டுக்கு வந்துவிடும். சர்வீஸ் 10,000த்தில்! அதற்குள் இரண்டு லிட்டர் போயிருக்கும். சின்னக் கார்களின் சேம்பர் பிடிப்பதே மூன்று, மூன்றரை லிட்டர்தான். நாளொன்றுக்கு 250 கிலோமீட்டர் ஓடும் ஷிஃப்ட் வண்டிக்கு 5,000 கிலோமீட்டர் என்பது இருபது நாள். இருபது நாளைக்கு ஒருமுறைகூட ஸ்டிக்கைத் தொடாத ஓட்டுநர், வண்டி முதலாளியின் இன்ஜினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொல்கிறார்.

பார்ப்பதற்குப் பெரிய வித்தை வேண்டாம். சமதளத்தில் நிறுத்துங்கள். ஓடி வந்த இன்ஜினை அணைத்து ஐந்து, பத்து நிமிடம் விடுங்கள், மேலே ஏறிய ஆயில் சேம்பருக்கு இறங்கட்டும். ஸ்டிக்கை உருவி, பஞ்சு பிரியாத துணியால் துடைத்து, முழுதாக உள்ளே விட்டு, மறுபடி எடுங்கள். முதல் தடவை எடுத்ததைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு பக்கமும் பார்த்து, குறைவாகத் தெரியும் பக்கத்தை நம்புங்கள். ஹீரோ ஸ்ப்ளெண்டர் மாதிரி மூடியோடு ஸ்டிக் உள்ள பைக்குகளில் வண்டியை நேராக நிறுத்தி, துடைத்த ஸ்டிக்கை மரை சுற்றாமல் சும்மா வைத்து எடுக்க வேண்டும். பைக் ஆட்கள் இதை அலட்சியம் செய்கிறார்கள். அந்த இன்ஜினில் இருப்பதே ஒரு லிட்டர் சுமாருக்குத்தான், அதில் 300 மில்லி குறைந்தால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. வாரம் ஒருமுறை பெட்ரோல் போடும் நாளில் பார்த்துவிட்டால் போதும்.

"கொஞ்சம் ஜாஸ்தியா இருந்தா நல்லதுதானே?" நல்லதல்ல. மேல் கோட்டுக்கு மேலே நின்றால் சுழலும் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்குள் இருப்பது காற்று. காற்று பேரிங்கைத் தாங்காது. ஊற்றாமலே அளவு ஏறினால் இன்னும் கவனம் வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பிஎஸ்-6 டீசல் கார்கள் பெரும்பாலானவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. அதைச் சூடாக்கிக் கரியை எரிக்க இன்ஜின் கூடுதலாக டீசல் தெளிக்கும். மண்ணூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போய்த் திரும்புகிற மாதிரிச் சின்னச் சின்ன ஓட்டமே ஓடினால் அந்த வேலை பாதியில் நிற்கும், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலில் கலக்கும். பெட்ரோலிலும் நடக்கும். 2018இல் சீனாவின் குளிர்ப் பகுதிகளில் ஹோண்டா சிஆர்-வி டர்போ கார்களில் ஆயிலோடு பெட்ரோல் கலந்து அளவு ஏறிய புகார் வந்து, அங்கே விற்பனையையே நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. ஸ்டிக்கை மூக்கருகே கொண்டு போங்கள். டீசல் வாடை, பெட்ரோல் வாடை தெரிந்தால் ஆயிலை மாற்றுங்கள்.

இனி, "ஷோரூம்ல சர்வீஸ் விட்டாச்சு, எல்லாம் அவங்க பார்த்துப்பாங்க."

யார் பார்ப்பார்கள்? உங்களிடம் பேசுபவர் சர்வீஸ் அட்வைசர். அவர் கை வண்டியில் படுவதில்லை. வேலை செய்யும் பையன் ஒருவன், சரிபார்ப்பவர் ஒருவர், கழுவுபவர் ஒருவர். சனிக்கிழமை கூட்டத்தில் வரிசையாக வண்டிகள் நிற்கும்போது, டிரம்மிலிருந்து துப்பாக்கிக் குழாயால் ஆயில் அடித்துவிட்டு அளவு பார்க்காமல் இறக்கிவிடுவது நடக்கக்கூடியதுதான். நான் பையன்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்குக் கொடுக்கும் நேரம் அவ்வளவு. அதனால் நீங்கள் செய்ய வேண்டியவை உண்டு. வண்டியை விடும்போதே ஸ்டிக்கை எடுத்து அட்வைசரிடம் காட்டி, வந்த அளவை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிதான் வண்டி ஆயில் குடிக்கிறதா இல்லையா என்பதற்கு உங்களிடம் இருக்கும் சாட்சி. எடுக்கும்போது கேட்டைத் தாண்டும் முன் மறுபடி பாருங்கள். பில்லில் ஆயிலின் தரம், லிட்டர் இரண்டும் இருக்க வேண்டும். கையேட்டில் மூன்றரை லிட்டர் என்றிருக்கும் இன்ஜினுக்கு நாலு லிட்டர் பில் போட்டால் மீதி அரை லிட்டரை டப்பாவோடு கேளுங்கள். கழற்றிய ஆயில் ஃபில்டரைக் காட்டச் சொல்லுங்கள். இதையெல்லாம் கேட்டால் சண்டைக்காரன் என்று நினைப்பார்களோ என்று கூச்சப்படுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. காசு உங்களுடையது. கேட்டும் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

இதோடு ஒட்டிக்கொண்டே வருவது வாரண்டி பயம். "வெளியில ஒரு தடவை ஆயில் மாத்தினா வாரண்டி போயிடும்." இதற்குப் பதில் ஓர் உத்தரவில் இருக்கிறது. 2011இல் வந்த ஒரு புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544.65 கோடி அபராதம் விதித்தது. 2015 ஜூலையில் தனி உத்தரவில் ஹூண்டாய்க்கு ரூ.420.26 கோடி. மேல்முறையீட்டில் டொயோட்டா, ஃபோர்டு, நிசான் ஆகியவற்றுக்கு 2016இல் தொகை குறைந்தது. தொகையைப் பற்றி எனக்குக் கவலையில்லை. 2014 உத்தரவு சொன்ன கொள்கைதான் முக்கியம்: வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி முழுக்க ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது. வெளியில் செய்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம். ஆகவே பயப்பட வேண்டியது தரம் தப்பிய ஆயிலுக்கும், பில் இல்லாத வேலைக்கும்தான். இடையில் அரை லிட்டர் டாப்-அப் செய்ய ஷோரூம் வரை போக வேண்டியதே இல்லை. கையேட்டில் சொன்ன தரத்தில் ஒரு லிட்டர் டப்பாவை டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள், வாங்கிய பில்லைக் கையேட்டுக்குள் சொருகிவையுங்கள்.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. ஆயில் கறுத்தால் கெட்டுவிட்டது என்பது தவறு. டீசல் இன்ஜினில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுக்கும், கரியைத் தன்னுள் பிடித்து வைப்பது அதன் வேலை. "நம்ம ஊரு வெயிலுக்கு 5டபிள்யூ-30 தாங்காது, கெட்டியா 20டபிள்யூ-50 ஊத்து" என்பதும் தவறு. வெளியே 30 டிகிரி அடித்தாலும் 42 அடித்தாலும் ஓடும் இன்ஜினுக்குள் ஆயில் 100 டிகிரி பக்கத்தில்தான் இருக்கும். பின்னால் வரும் அந்த 30 என்ற எண் 100 டிகிரியில் அதன் தடிமனைக் குறிப்பது. சர்வீஸ்தோறும் இன்ஜின் ஃப்ளஷ், கார்பன் கிளீனிங் என்று எஸ்டிமேட்டில் சேர்ப்பார்கள். கையேட்டின் பராமரிப்பு அட்டவணையில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வெளியில் ஆயில் மாற்றலாம் என்று சொன்னதால் இதையும் சொல்லாமல் விட முடியாது. கழற்றிய கறுப்பு ஆயில் எங்கே போகிறது? ஒரகடம் சாலையோர லாரிப் பட்டறைகளின் மண்ணைப் பாருங்கள். ஒரு தடவை மாற்றும் ஆயில் பத்து லட்சம் காலன், அதாவது சுமார் 38 லட்சம் லிட்டர் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. ஸ்ரீபெரும்புதூர் ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது, சென்னை அதைக் குடிக்கிறது. மண்ணில் கொட்டாத மிச்ச ஆயிலைக் கட்டட வேலைக்கு விற்கிறார்கள். சென்ட்ரிங் பலகையில் கான்கிரீட் ஒட்டாமலிருக்க அந்த வேஸ்ட் ஆயிலைத் தொழிலாளர்கள் வெறுங்கையால் பூசுகிறார்கள். தேய்ந்த உலோகத்தூளும், எரிந்த எரிபொருளின் நச்சுக் கழிவும் கலந்த திரவம் அது. நாள்பட்டுத் தோலில் படக் கூடாதது. பழைய ஆயில் அபாயகரக் கழிவு என்று மத்திய அரசின் 2016 கழிவு விதிகள் சொல்கின்றன. 2024 ஏப்ரல் 1 முதல், ஆயில் தயாரித்து விற்பவர்களே பயன்படுத்திய ஆயிலின் மறுசுழற்சிக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதியும் நடப்பில் இருக்கிறது. ஆனால் பட்டறைக்காரரிடம் வந்து டிரம்மை எடுத்துப் போக ஆள் வேண்டுமே! ஸ்ரீபெரும்புதூர் முதல் வாலாஜாபாத் வரை இத்தனை தொழிற்பேட்டை கட்டிய சிப்காட், சாலையோரப் பட்டறைகளுக்காகப் பழைய ஆயில் சேகரிக்கும் தொட்டி ஒன்றை ஒவ்வொரு பேட்டையின் வாசலிலும் வைத்து, அனுமதி பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அதுவரை, வெளியில் ஆயில் மாற்றுகிறவர்கள் பழைய ஆயிலை டப்பாவில் பிடித்து மூடச் சொல்லி, அதை யாரிடம் கொடுக்கிறார் என்று பட்டறைக்காரரைக் கேளுங்கள். சரியான பதில் சொல்லும் பட்டறைக்கே அடுத்த தடவையும் போங்கள்.