கணக்குக்கு ஒரு நகல்

மும்பையில் தாராவி இருக்கிறது. தோல்பை, பானை, துணி, இட்லி என்று பல தொழில்கள் அங்கே நடக்கின்றன. திருநெல்வேலிப் பக்கமிருந்து போன தமிழர்கள் பல தலைமுறைகளாக அங்கே வாழ்கிறார்கள்.

தாராவியை ஒட்டி மித்தி ஆறு ஓடுகிறது. 2005 ஜூலை 26 அன்று மும்பையில் பெருமழை. சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆறு கரை கடந்தது. தாழ்வான இடங்களில் வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. அரிசி நனைந்தது. கணக்கு நோட்டும் நனைந்தது. அரிசியை மறுபடி வாங்கலாம். கணக்கை எங்கே வாங்குவது?

இன்று பல பட்டறைகளில் கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒரு தோல்பைப் பட்டறையை நினைத்துப் பாருங்கள். அங்கே 12 பேர் தைக்கிறார்கள். ஒரு பைக்கு இவ்வளவு என்று கூலி. யார் எத்தனை பை தைத்தார் என்ற கணக்கு ஒரு கம்ப்யூட்டரில் இருக்கிறது. மற்ற கம்ப்யூட்டர்கள் அதிலிருந்துதான் கணக்கை எடுக்கின்றன. இப்படி மற்றவற்றுக்குக் கொடுக்கும் கம்ப்யூட்டருக்கு சர்வர் என்று பெயர்.

ஒரு வெள்ளிக்கிழமை சர்வர் ஓடவில்லை. உள்ளே இருந்த டிஸ்க் கெட்டுவிட்டது.

"அண்ணாச்சி, நாளைக்குக் கூலி நாளாச்சே!" என்றார் தைக்கும் அக்கா ஒருவர். "நகல் எடுத்து வைக்கலையா?"

"எடுத்தேன் அக்கா. போன தீபாவளிக்கு எடுத்தேன். அதுவும் இதே டிஸ்கில்தான் இருந்தது" என்றார் முதலாளி.

அக்கா தன் பையிலிருந்து சிறிய நோட்டை எடுத்தார். எழுதக் கற்றது முதல் தினமும் தன் கணக்கை எழுதி வந்தார். திங்கள் 9, செவ்வாய் 8, புதன் 10, வியாழன் 9. அவருக்குச் சரியான கூலி கிடைத்தது. மற்றவர்கள் ஞாபகத்தில் இருந்ததைச் சொன்னார்கள். பேச்சு வளர்ந்தது. சிலர் மனக்கசப்போடு வீடு போனார்கள்.

அக்காவின் மகன் மாட்டுங்காவில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர். அவர் வந்து புது டிஸ்க் போட்டார்.

"மாமா, எத்தனை நாள் கணக்கு போனால் தாங்குவீங்க?" என்று கேட்டார்.

"ஒரு நாள்கூடத் தாங்காதுப்பா."

"அப்போ தினமும் நகல் எடுக்கணும்."

முறையை இருவரும் பேசி முடிவு செய்தார்கள்.

1. வெளியே வைக்கும் டிஸ்க் இரண்டு வாங்க வேண்டும். ஒன்று பட்டறையில் இருக்கும். மற்றது செம்பூரில் உறவினர் வீட்டில், இரண்டாம் மாடியில் இருக்கும்.

2. ஞாயிறு விடுமுறை. அன்று பட்டறை டிஸ்க் செம்பூருக்குப் போகும். செம்பூர் டிஸ்க் இங்கே வரும். அதில் முழு நகல் எடுக்க வேண்டும்.

3. மற்ற நாட்களில் பட்டறை மூடும்போது அன்று மாறிய கணக்கை மட்டும் நகல் எடுத்தால் போதும். சீக்கிரம் முடியும். அதையே கடவுச்சொல் போட்டுப் பூட்டி, இணையம் வழியாகவும் வெளியே சேமிக்க வேண்டும். அப்போது பட்டறைக்குள் வெள்ளம் வந்தாலும் நேற்றைய கணக்கு தப்பும்.

4. நகல் எடுத்ததும் டிஸ்கைக் கழற்றிவிட வேண்டும். 2017 மே மாதம் வான்னாகிரை என்ற வைரஸ் 150 நாடுகளுக்கு மேல் பரவியது. கம்ப்யூட்டரில் உள்ளதைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இப்படிப்பட்ட வைரஸ் வந்தால், செருகியிருக்கும் டிஸ்கும் பூட்டப்படும்.

5. மாதம் ஒருமுறை நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்க வேண்டும். முதலில் முழு நகலைப் போட வேண்டும். பிறகு திங்கள், செவ்வாய் என்று வரிசையாகப் போட வேண்டும். கணக்கு சரியாக வந்தால்தான் அது நகல். திறக்காத நகலை நம்பக் கூடாது.

"இதை யார் தினமும் ஞாபகம் வைப்பது?" என்று முதலாளி கேட்டார்.

"கம்ப்யூட்டருக்கே நேரம் சொல்லி வைக்கலாம் மாமா. ஆனால் நகல் எடுத்ததா என்று ஓர் ஆள் பார்க்கணும்."

அக்கா சுவரில் ஒரு தாள் ஒட்டினார். தேதி, நகல் எடுத்தவர் பெயர் என்று இரண்டு கட்டம் போட்டார். அன்று மாலை முதல் கையெழுத்தை அவரே போட்டார்.

சிந்தியுங்கள்

1. முதலாளி எடுத்த பழைய நகல் ஏன் உதவவில்லை?
2. ஒரு டிஸ்க் ஏன் செம்பூரில் இருக்க வேண்டும்?
3. உங்கள் ரேஷன் கார்டு, கூலிக் கணக்கு, குழுச் சேமிப்புக் கணக்கு ஆகியவற்றின் நகல் எங்கே இருக்கிறது?