கத்தி எங்கே, மக்களே?

அன்பு மக்களே ஜெபின்,

அடுத்த வாரம் கொச்சியிலிருந்து தூண்டில் படகில் போகிறாய் என்று உன் அம்மை சொன்னாள். தூத்தூர்ப் பிள்ளை ஆழ்கடலுக்குச் சுறா பிடிக்கப் போவதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் சாப்பிட்ட தட்டைக்கூட இடம் பார்த்து வைக்காத நீ, படகில் கத்தியை எங்கே வைப்பாய்? என் கவலையெல்லாம் அதுதான். சிரிக்காதே, கேள்.

உன் தாத்தா படகை நடத்தும் ஸ்ராங்காக இருந்த காலத்தில், தூண்டில் கயிற்றை இழுக்கத் தொடங்குமுன் ஒவ்வொருவரையும் பார்த்து "கத்தி எங்கலே?" என்று கேட்பார். இடுப்பைத் தொட்டுக் காட்டினால்தான் கயிற்றைத் தொட விடுவார். எங்களுக்கு அப்போது எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலோடுதான் எல்லோரும் பத்து விரலோடு கரை சேர்ந்தோம்.

பெரிய சுறா மாட்டினால் கயிறு முதலில் வெறும் பாரமாகத்தான் வரும். படகின் ஓரம் வந்ததும் திமிறிக்கொண்டு கீழே பாயும். பிடி நழுவாமலிருக்கக் கையில் ஒரு சுற்று போட்டுக்கொள்ளத் தோன்றும். போடாதே. அந்தச் சுற்று இறுகினால் விரல் போகும். சில வேளை ஆளையே கடலுக்குள் இழுத்துவிடும். நினைத்த நொடியில் விடக்கூடிய மாதிரி பிடி. மோதிரத்தை அம்மையிடம் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போ. கையுறை போடு. தளத்தில் சுருண்டு விழும் கயிற்று வளையத்துக்குள் கால் வைக்காதே. மீனைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் ஓடினால் படகு சாயும். நீ உன் இடத்திலேயே நில்.

சுறாவுக்கு எலும்பு கிடையாது, எல்லாம் குருத்தெலும்பு. வால்பக்கம் நின்றால் கடிக்காது என்று நினைக்காதே; உடம்பை வளைத்துத் திரும்பிவிடும். வால் அடித்தாலே கால் முறியும். தோல் உப்புத்தாள் மாதிரி, உரசிய இடம் உரிந்து போகும். தளத்தில் ஆடாமல் அசையாமல் கிடக்கும்; செத்துவிட்டது என்று தூண்டில் முள்ளை எடுக்க வாய்க்குள் கை விட்டால் தாடை மூடிக்கொள்ளும். உயிர் போன பிறகும் தசைக்குத் துடிப்பு உண்டு. முள் போனால் போகட்டும், அது கட்டிய கம்பியை வெட்டிவிடு.

திமிங்கலச் சுறாவோ வேளா மீனோ மாட்டினால் படகில் ஏற்றாதீர்கள். 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன. தண்ணீரிலேயே கயிற்றை அறுத்து விடுங்கள். உங்களுக்கும் ஆபத்தில்லை, மீனுக்கும் உயிர் மிஞ்சும்.

2017 ஒக்கிப் புயல் நம் கரையை என்ன செய்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லைஃப் ஜாக்கெட்டைத் தலைக்கு வைத்துப் படுக்காதே, உடம்பில் போடு. வயர்லெஸ்ஸில் 16-ஆம் சேனலில் பேசவும் இப்போதே கற்றுக்கொள். ஸ்ராங்குக்கு ஒன்று ஆகிவிட்டால் கூப்பிட நீ வேண்டும்.

நீ அறுத்துவிட்ட மீனைச் சொல்லிக் கூட்டாளிகள் கேலி செய்வார்கள். செய்யட்டும். அடுத்த தங்கல் பயணத்தில் வேறு மீன் கிடைக்கும், உன் அம்மைக்கு வேறு ஜெபின் கிடைக்க மாட்டான். கயிறு உன்னை இழுக்கிறது என்று தோன்றினால், யாரிடமும் கேட்காதே மக்களே, அறுத்துவிடு.

உன் மாமா