காற்றுத் துப்பாக்கி: முதலில் பிடி, பிறகு திருகு

மயில் தொல்லை தாங்கலை, ஒரு ஏர் கன் வாங்கி வைக்கலாமா என்று கேட்கும் நண்பர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: அதற்காக வேண்டாம். மயில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கும் பறவை. கொன்றால்தான் குற்றம் என்றில்லை, காயப்படுத்தினாலும் சட்டப்படி அது வேட்டைதான். குறைந்தது 3 ஆண்டு சிறை உண்டு. அதோடு, சின்ன ஈயக் குண்டு பெரிய பறவையை உடனே கொல்வதும் இல்லை. சதைக்குள் தங்கி நாள் கணக்கில் வதைக்கும். நஞ்சில்லா உணவு பேசும் நமக்கு அது ஒத்து வராது.

பிறகு எதற்கு இந்தப் பாடம்? அட்டையில் குறி வைத்துச் சுடுவது நல்ல விளையாட்டு. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான். கிராமத்துப் பிள்ளைகளுக்கும் அந்த ஆசை இருக்கு. 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. பல பண்ணை வீடுகளில் ஒன்று ஏற்கெனவே பரணில் கிடக்கிறது. நான் கல்லூரி நாளில் என்.சி.சி.யில் .22 ரைபிள் பிடித்தவன். பணி ஓய்வுக்குப் பிறகு தோப்பு ஓரத்தில் அட்டை கட்டிச் சுடுகிறேன். இந்தப் பழக்கம் சொல்லித் தரும் ஒரு கணக்கு வயலுக்கும் உதவுகிறது. அதையும் கடைசியில் சொல்கிறேன்.

இடமும் ஈயமும்

அட்டைக்குப் பின்னால் ஆள் உயர மண்மேடு அல்லது மண்சுவர் இருக்கணும். வேலியைத் தாண்டிப் போகும் குண்டு 100 மீட்டருக்கு அப்பாலும் ஒருவர் கண்ணைக் கெடுத்துவிடும். சுடுபவரும் அருகில் நிற்பவரும் கண்ணாடி போடணும். எந்த நேரத்திலும் குழல் ஆள் பக்கம் திரும்பக் கூடாது. பெரியவர் துணையில்லாமல் பிள்ளைகள் கையில் தரவே கூடாது.

இயற்கை விவசாயிக்கு இன்னொரு கவலையும் உண்டு. குண்டு ஈயம். அது மக்காது. மண்ணில் சிதறினால், கல் பொறுக்கித் தின்னும் கோழியும் காட்டுப் பறவையும் அதையும் விழுங்கும். ஆகவே தடித்த பலகையில் ஒரு பெட்டி செய்து, உள்ளே பழைய துணியை இறுக்கித் திணித்து, அதன் முகத்தில் அட்டையை ஒட்டுங்கள். எல்லாக் குண்டும் பெட்டிக்குள்ளேயே தங்கும். அவ்வப்போது பொறுக்கிப் பழைய உலோகக் கடையில் போட்டுவிடலாம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்ன வேண்டாம்.

உள்ளே நடப்பது என்ன?

குழலை மடக்கும்போது உள்ளே ஒரு கனமான ஸ்பிரிங் அழுந்துகிறது. விசையை இழுத்தால் ஸ்பிரிங் விடுபட்டு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் காற்றை நெருக்கும். அந்தக் காற்று குண்டைத் தள்ளும். குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி ஒருமுறை பின்னாலும் ஒருமுறை முன்னாலும் உதறிவிடுகிறது. ஸ்பிரிங் வகையின் சிக்கலே இதுதான். துப்பாக்கி உதறும்போது நம் கை எப்படிப் பிடித்திருக்கிறதோ, அதைப் பொறுத்துக் குண்டு போகும் இடம் மாறும்.

அதனால் இறுக்கிப் பிடிக்காதீர்கள். இடது உள்ளங்கையை விரித்து, அதன் மேல் துப்பாக்கியைப் படுக்க வையுங்கள். தோளில் லேசாகத் தொட்டால் போதும். கல்லிலோ கட்டையிலோ நேரடியாகச் சாய்க்க வேண்டாம், துள்ளும். மணல் பை மேல் கை, கை மேல் துப்பாக்கி. ஒவ்வொரு முறையும் கை அதே இடத்தில் இருக்கணும்.

கண் முன் குறியைத் தெளிவாகப் பார்க்கட்டும். அட்டை கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்துங்கள். சுட்ட பிறகும் ஒரு மூச்சு நேரம் அப்படியே நில்லுங்கள்.

குண்டு போடும்போது மடக்கிய குழலை ஒரு கையால் பிடித்திருக்கணும். தவறி விசை பட்டால் குழல் அடித்துத் திரும்பி விரலை நசுக்கிவிடும். குண்டு இல்லாமல் வெறுமனே சுடுவது பிஸ்டனுக்குக் கேடு.

சிதறலா, விலகலா?

இதுதான் பாடத்தின் உயிர். 10 மீட்டரில், ஒரே கம்பெனி குண்டில், 5 முறை சுடுங்கள். முதல் குண்டு இடது பக்கம் போச்சு என்று உடனே குறியைத் திருகாதீர்கள். ஐந்தும் விழட்டும். இப்படி மூன்று அட்டை.

அட்டையில் இரண்டு மாதிரிக் காட்சி தெரியும். ஒன்று, ஐந்தும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருக்கும். அப்போது குறியைத் திருகுவதில் பயனே இல்லை. பிடி மாறுகிறதா, கட்டையின் திருகாணிகள் தளர்ந்திருக்கிறதா, ஸ்கோப் ஆடுகிறதா, குண்டின் பாவாடை போன்ற பின்பக்கம் நசுங்கியிருக்கிறதா என்று பார்க்கணும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சரிசெய்து மறுபடி சுடுங்கள்.

இரண்டாவது, ஐந்தும் நெருக்கமாக ஒரே இடத்தில், ஆனால் நடுவை விட்டு விலகி விழுந்திருக்கும். இது நல்ல செய்தி. உங்கள் கை சரி, குறிதான் விலகியிருக்கிறது. இப்போது திருகலாம்.

வங்கியில் கணக்கு நேர் செய்யும்போதும் இதேதான். தினமும் ஒரே தொகை இடித்தால் எங்கோ ஒரு பதிவு தப்பு, அதைத் திருத்தினால் தீர்ந்தது. தினமும் வேறு வேறு தொகை இடித்தால் வேலை செய்யும் முறையிலேயே கோளாறு.

திருகும் கணக்கு

பின் குறியை, குண்டு எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கமே நகர்த்துங்கள். வலது பக்கம் போகணுமா, வலது. மேலே போகணுமா, மேலே. முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே 40 சென்டிமீட்டர் என்றால், 10 மீட்டர் என்பது அதைப்போல் 25 மடங்கு. குறியை 1 மில்லிமீட்டர் நகர்த்தினால் அட்டையில் 25 மில்லிமீட்டர் நகரும்.

ஸ்கோப்பில் கணக்கு வேறு. பெரும்பாலான ஸ்கோப்பில் ஒரு க்ளிக் என்பது 100 கஜத்தில் கால் அங்குலம். 10 மீட்டரில் அது முக்கால் மில்லிமீட்டர்கூட வராது. 3 சென்டிமீட்டர் விலகலைச் சரிசெய்ய 40 க்ளிக் போல வேண்டும். நாலு க்ளிக் திருகிவிட்டு ஸ்கோப் கெட்டுப்போச்சு என்பவர்கள் இதைக் கவனிக்கணும். முன்னும் பின்னும் உதறுவதைத் தாங்கும்படி ஏர் ரைபிளுக்கென்றே செய்த ஸ்கோப்பாகவும் இருக்க வேண்டும்.

10 மீட்டருக்குச் சரிசெய்தது 25 மீட்டருக்குச் சரியாக இருக்காது. தூரம் மாறினால் மறுபடி ஐந்து குண்டு.

வயலில் இதே கணக்கு

நெல் விதைக்கு முளைப்புத்திறன் பார்க்கிறோம். 100 விதையாக நாலு ஈரத்துணியில் கட்டுங்கள். நாலிலும் 60-ஐ ஒட்டியே முளைத்தால் விதை பழசு. 80-க்குக் குறைந்தால் விதையை மாற்றலாம், இல்லை அளவைக் கூட்டலாம். ஒன்றில் 85, ஒன்றில் 40, ஒன்றில் 70 என்று வந்தால் விதையைக் குறை சொல்லாதீர்கள். ஈரமோ சூடோ துணிக்குத் துணி மாறியிருக்கிறது. சோதனையைத் திரும்பச் செய்யணும்.

பஞ்சகவ்யா தெளித்த ஒரே ஒரு பாத்தி செழித்ததை வைத்து முடிவு கட்டுவதும், ஒரே குண்டைப் பார்த்துக் குறியைத் திருகுவதும் ஒன்றுதான். நாலைந்து பாத்தியில் தெளித்து, பக்கத்திலேயே நாலைந்தைத் தெளிக்காமல் விட்டுப் பாருங்கள்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை 15 குண்டு போதும். திருகில் கை வைக்காமல் மூன்று அட்டை சுட்டு, தேதி, தூரம், குண்டின் பெயர், காற்று எல்லாம் அதன் மூலையில் எழுதி வையுங்கள். குறியைத் தொடலாமா வேண்டாமா என்பதை அந்த அட்டைகளைப் பார்த்து முடிவு செய்யலாம்.