ஃப்ளக்ஸ் சுழி என்றால் ஃபீல்டும் சுழியா?

முதல் வருஷம், பிசிக்ஸ் இன்டர்னல் டெஸ்ட். இரண்டு மார்க் கேள்வி ஒன்று இப்படி வந்தது: "ஒரு மூடிய பரப்புக்குள் மின்னூட்டம் எதுவும் இல்லை. அந்தப் பரப்பின் மேல் மின்புலம் சுழியா? காரணம் கூறுக." நான் யோசிக்கவே இல்லை. உள்ளே சார்ஜ் இல்லை, அதனால் காஸ் விதிப்படி ஃப்ளக்ஸ் சுழி. ஃப்ளக்ஸ் சுழி, அதனால் ஃபீல்டும் சுழி. இரண்டே வரி. அடியில் ஸ்கேல் வைத்து கோடு வேறு போட்டேன். பேப்பர் கைக்கு வந்தபோது இரண்டுக்கு சைபர்.

வெளியே வந்து பேசினப்பத்தான் தெரிஞ்சது, என் பெஞ்சில் இருந்த நாலு பேரும் அதே பதில்தான் எழுதியிருக்கோம். விதி எல்லாருக்கும் மனப்பாடம். அது எதைச் சொல்லுது, எதைச் சொல்லலைங்கிறதுதான் யாருக்கும் தெரியலை. என் பதிலில் முதல் வரி சரி, இரண்டாவது வரி தப்பு. இந்தக் கட்டுரை முழுக்க அந்த இரண்டாவது வரியைப் பற்றித்தான். (சூத்திரங்களை வாயால் சொல்ற மாதிரியே எழுதியிருக்கேன். பக்கத்துல ஒரு ரஃப் நோட் வெச்சுக்கிட்டு குறியீடாக எழுதிக்கிட்டே படிங்க.)

முதலில் ஃப்ளக்ஸ், அதாவது மின்பாயம். மழை நேராகக் கொட்டுது, மொட்டை மாடியில் ஒரு வாளி இருக்கு. வாய் வானத்தைப் பார்த்து இருந்தால் அதிகத் தண்ணி விழும். சாய்த்தால் குறையும். படுக்க வைத்துவிட்டால் வாய் வழியாக ஒன்றும் உள்ளே போகாது. மழையும் அதேதான், வாளியும் அதேதான். மாறினது கோணம் மட்டும். ஃப்ளக்ஸும் இப்படித்தான்: மின்புலம், பரப்பளவு, இரண்டுக்கும் நடுவிலான கோணத்தின் காஸ், மூன்றின் பெருக்கல்.

இங்கே ஒரு பழைய பொறி இருக்கு. பரப்பின் திசை என்பது பரப்புக்குச் செங்குத்தாக நிற்கும் திசை. வாளி வாயில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டால் அது காட்டும் திசை. கேள்வியில் "புலம் பரப்புடன் 30 டிகிரி கோணத்தில் உள்ளது" என்று கொடுத்தால், குச்சியோடு அது 60 டிகிரி. புலம் 200, பரப்பு 0.5 சதுர மீட்டர் என்றால் விடை 200 பெருக்கல் 0.5 பெருக்கல் காஸ் 60, அதாவது 50. அவசரத்தில் காஸ் 30 போட்டால் 86.6 வரும். அந்த 86.6 ஆப்ஷனில் கண்டிப்பாக இருக்கும், கவலையே வேண்டாம்.

இப்போது மூடிய பரப்பு. ஓடுற ஆற்றில் ஒரு பின்னல் கூடையை, அதுக்கு மேல் இன்னொரு கூடையைக் கவிழ்த்துக் கட்டி, முழுசாக முக்குறீங்கன்னு வெச்சுக்கோங்க. தண்ணி ஒரு பக்கம் நுழையும், இன்னொரு பக்கம் வெளியேறும். வெளியே போறதைப் பிளஸ் என்றும் உள்ளே வர்றதை மைனஸ் என்றும் கணக்குப் போட்டால் மொத்தம் சுழி. அதுக்காக கூடையில் தண்ணியே ஓடலைன்னு யாராவது சொல்வாங்களா? கையை உள்ளே விட்டுப் பாருங்க, இழுத்துக்கிட்டுப் போகும். சுழி ஆனது வரவு செலவுக் கணக்கு. ஓட்டம் சுழி ஆகலை.

அதே கூடை, ஆற்றுப்படுகையில் ஓர் ஊற்றுக்கு மேல் உட்கார்ந்தால் கணக்கு மாறும். உள்ளே வந்ததைவிட வெளியே போறது கூடுதலாக இருக்கும், எவ்வளவு கூடுதல் என்றால் ஊற்று எவ்வளவு சுரக்குதோ அவ்வளவு. கூடைக்கு வெளியே பத்து ஊற்று இருந்தாலும் சரி, அவை கூடையின் ஒவ்வொரு கண்ணிலும் ஓட்டத்தை மாற்றும், ஆனால் மொத்தக் கணக்கைத் தொடாது. ஏன்னா அந்தத் தண்ணி நுழைஞ்ச அளவுக்கு வெளியேறியே தீரணும்.

ஊற்றுக்குப் பதில் சார்ஜ், ஓட்டத்துக்குப் பதில் மின்புலம் என்று மாற்றினால் அதுதான் காஸ் விதி. மூடிய பரப்பின் மொத்த ஃப்ளக்ஸ், உள்ளே உள்ள நிகர சார்ஜை எப்சிலான் நாட்டால் வகுத்தது. ஒன்றை மட்டும் ஞாபகம் வைங்க: மின்புலத்தில் எதுவும் உண்மையில் ஓடுவதில்லை. ஆறு ஒரு துணைக்கு வந்த உவமை, அவ்வளவுதான்.

ஆக, என் இரண்டு மார்க் கேள்விக்குப் பதில்: பரப்பின் மேல் மின்புலம் சுழியாக இருக்கணும்னு அவசியமில்லை; வெளியே உள்ள சார்ஜ்கள் அங்கே புலத்தை உண்டாக்கலாம்; அது நுழையுற அளவுக்கு வெளியேறும், அதனால் ஃப்ளக்ஸ் மட்டும் சுழி. இன்னும் கறாராகச் சொன்னால், விதியின் இடப்பக்கம் இருக்கும் புலம் உலகத்தில் உள்ள எல்லா சார்ஜ்களாலும் வருவது. வலப்பக்கம் மட்டும்தான் உள்ளே இருக்கிறதைக் கேட்குது.

எண் போட்டுப் பார்த்திடலாம். எப்சிலான் நாட் சுமார் 8.85 பெருக்கல் பத்தின் மைனஸ் 12 அடுக்கு. அதனால் 8.85 நானோ கூலும் சார்ஜ் ஒன்றை எடுத்துக்கிட்டால் மொத்த ஃப்ளக்ஸ் அழகாக 1000 வரும் (அலகு நியூட்டன் மீட்டர் ஸ்கொயர் பெர் கூலும்). அதைச் சுற்றி 1 மீட்டர் ஆரத்தில் கோளம் வரைஞ்சாலும் 1000. 10 மீட்டர் ஆரத்தில் வரைஞ்சாலும் 1000. ஏன் மாறலை? ஆரம் பத்து மடங்கு ஆனால் கோளத்தின் பரப்பு நூறு மடங்கு ஆகுது, புலம் நூறில் ஒரு பங்கு ஆகுது. ஆர் ஸ்கொயர் மேலே ஒன்று, கீழே ஒன்று, அடிபட்டுப் போகுது. விதியின் உயிரே இந்த அடிபடுதலில்தான் இருக்கு. கூலும் விசை ஆர் கியூபுக்கு எதிர்விகிதமாக இருந்திருந்தால் பெரிய கோளத்தில் ஃப்ளக்ஸ் குறைஞ்சிருக்கும். காஸ் விதின்னு ஒன்றே இருந்திருக்காது.

அப்போ அந்த அடுக்கு சரியாக 2 தானா? 1.98 இல்லைன்னு எப்படித் தெரியும்? பாடப்புத்தகம் இதைக் கேட்காமலே தாண்டிப் போயிடுது. எனக்கு இந்தப் பாடத்தில் ரொம்பப் பிடிச்ச பகுதியே இதுதான். சார்ஜ் ஏற்றிய உலோகப் பாத்திரத்துக்குள் தொங்கவிட்ட பொருளை எந்த விசையும் இழுக்கவில்லை என்று பெஞ்சமின் பிராங்க்ளின் கவனித்திருந்தார். அதை வைத்து ஜோசப் பிரீஸ்ட்லி 1767-இல், மின்விசையும் ஈர்ப்பு விசை மாதிரி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகத்தான் இருக்கணும் என்று ஊகித்து எழுதினார். ஹென்றி கேவண்டிஷ் அதை அளந்தே பார்த்தார். ஓர் உலோகக் கோளம், அதைச் சுற்றி உலோகத்தாள் ஒட்டிய இரண்டு அரைக்கோளங்கள், இரண்டையும் இணைக்க ஒரு கம்பி. வெளிக்கோளத்துக்கு சார்ஜ் ஏற்றி, கம்பியை விலக்கி, அரைக்கோளங்களைப் பிரித்து, உள்கோளத்தில் சார்ஜ் இருக்கா என்று பார்த்தார். இல்லை.

இதுக்கும் அடுக்குக்கும் என்ன சம்பந்தம்? சார்ஜ் ஏற்றிய ஓட்டுக்குள் ஏதோ ஒரு புள்ளியில் நின்று, முன்னாலும் பின்னாலும் ஒரே அளவு குறுகலான இரண்டு கூம்புகளாகப் பாருங்க. தூரமான பக்கம் கூம்பு ஓட்டின் அதிகப் பரப்பைப் பிடிக்கும், தூரத்தின் வர்க்கத்துக்குத் தக்கபடி. அந்தப் பக்கத்து விசை அதே வர்க்கத்தால் குறையும். இரண்டும் சமமாகி எதிரெதிராக அடிபடும். அடுக்கு 2-லிருந்து கொஞ்சம் பிசகினால் முழுசாக அடிபடாது, மிச்சம் இருக்கும் புலம் கம்பி வழியாகக் கொஞ்சம் சார்ஜை உள்கோளத்துக்குத் தள்ளியிருக்கும். தன் கருவியின் நுட்பத்தை வைத்து, 2-லிருந்து வித்தியாசம் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் இருக்க முடியாது என்றார் கேவண்டிஷ். கூலும் தன் விதியை 1785-இல் வெளியிடுவதற்குச் சுமார் 12 வருஷம் முன்னாடி நடந்த சோதனை இது. ஆனால் மனுஷன் அதை வெளியிடவே இல்லை! 1879-இல் மேக்ஸ்வெல் அவருடைய குறிப்புகளைத் தொகுத்துப் பதிப்பித்த பிறகுதான் உலகம் படித்தது. 1971-இல் இதே தத்துவத்தில் வில்லியம்ஸ், ஃபாலர், ஹில் மூவரும் செய்த சோதனையில் தசமப் புள்ளிக்குப் பின் 15 இடம் வரை 2 தான் என்று வந்திருக்கு.

சரி, கணக்குக்கு வருவோம். காஸ் விதி எல்லா மூடிய பரப்புக்கும் உண்மை. ஆனால் எல்லா இடத்திலும் அது புலத்தைக் கண்டுபிடிச்சுத் தராது. இந்த இரண்டையும் குழப்பிக்கிறதுதான் நம்ம ஆட்களின் அடுத்த தப்பு. விதி தருவது ஒரே ஓர் எண், மொத்த ஃப்ளக்ஸ். அதிலிருந்து புலத்தைப் பிரிச்சு எடுக்கணும்னா, நாம வரையுற காஸியன் பரப்பில் புலம் எங்கும் ஒரே அளவாகச் செங்குத்தாக இருக்கணும், இல்லை பரப்பை ஒட்டியே போய் ஃப்ளக்ஸுக்குப் பங்களிக்காமல் இருக்கணும். அந்த உத்தரவாதத்தை சமச்சீர் தருது, காஸ் தரலை.

முடிவில்லாத நீளக் கம்பியைப் பாருங்க. அதைச் சுற்றி ஓர் உருளை. இரண்டு மூடிகளிலும் புலம் பரப்பை ஒட்டிப் போவதால் சுழி. வளைந்த பரப்பில் புலம் பெருக்கல் டூ பை ஆர் எல். உள்ளே உள்ள சார்ஜ் லாம்டா எல். எல் அடிபட, புலம் என்பது லாம்டா பை டூ பை எப்சிலான் நாட் ஆர். மீட்டருக்கு 1 நானோ கூலும் என்றால் 10 சென்டிமீட்டர் தள்ளி சுமார் 180 நியூட்டன் பெர் கூலும். இப்போது அதே அடர்த்தியில் 10 சென்டிமீட்டர் நீளக் குச்சி ஒன்றைக் கொடுத்து, அதன் நடுவிலிருந்து செங்குத்தாக 10 சென்டிமீட்டர் தள்ளிக் கேட்டால் என்ன செய்வீங்க? நிறையப் பேர் 180 என்றே எழுதுவாங்க. கூலும் விதியை வைத்து இன்டக்ரேட் பண்ணிப் பார்த்தால் சுமார் 80 தான் வரும். அங்கேயும் காஸ் விதி பொய்யாகலை. குச்சிக்கு முனை வந்துடுச்சு, சமச்சீர் போயிடுச்சு, புலத்தை வெளியே எடுக்கிற உரிமையும் போயிடுச்சு.

இன்னொரு ஜோடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஒரு கோளத்துக்குள் ஒரு பிளஸ், ஒரு மைனஸ், சம அளவு, கொஞ்சம் விலகி. நிகர சார்ஜ் சுழி, ஃப்ளக்ஸ் சுழி, ஆனால் கோளத்தின் மேல் புலம் இருக்கு. பிளஸ் பக்கம் வெளியேறி மைனஸ் பக்கம் நுழையுது. அடுத்தது கேபிள் டிவி வயர். நடுக்கம்பியில் பிளஸ், சுற்றியுள்ள வலைப்பின்னலில் அதே அளவு மைனஸ். வெளியே உருளை வரைந்தால் இங்கேயும் நிகர சார்ஜ் சுழி, ஃப்ளக்ஸ் சுழி. ஆனால் இங்கே புலமும் சுழி! உருளைச் சமச்சீரால் சுற்றிலும் புலம் ஒரே மாதிரிதான் இருக்க முடியும். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேற வழியில்லை. ஃப்ளக்ஸ் இரண்டிலும் ஒன்றுதான், புலம் வேறு.

கடைசியாக இரண்டு கணக்கு, இரண்டிலும் இன்டக்ரேஷன் தேவையில்லை. முதலாவது: சீரான புலத்தில் ஓர் அரைக்கோளக் கிண்ணம், அதன் வாய் புலத்துக்கு நேராக. வளைந்த பரப்பின் ஃப்ளக்ஸ் எவ்வளவு? வாயைக் கற்பனையில் மூடுங்க. உள்ளே சார்ஜ் இல்லை, அதனால் வாய் வழியாக நுழைந்ததுதான் வளைவு வழியாக வெளியேறணும். விடை, புலம் பெருக்கல் பை ஆர் ஸ்கொயர்.

இரண்டாவது: நம்ம 8.85 நானோ கூலும் சார்ஜை ஒரு கனசதுரத்தின் நடுவில் வைத்தால் ஆறு முகத்துக்கும் தலா 166.7. அதையே ஒரு மூலையில் வைத்தால்? அந்த மூலையைச் சுற்றி மொத்தம் எட்டு கனசதுரங்களை அடுக்கினால்தான் சார்ஜ் முழுசாக மூடப்படும். ஆக நம்ம ஒன்றின் பங்கு 1000-இல் எட்டில் ஒன்று, 125. இதை ஆறால் வகுக்கக் கை துறுதுறுக்கும், வகுக்காதீங்க. மூலையில் வந்து சேரும் மூன்று முகங்களில் ஃப்ளக்ஸ் சுழி. மீதி மூன்றுக்குத் தலா சுமார் 41.7. சுழி வந்த அந்த மூன்று முகங்களின் மேல் புலம்? முகத்தை ஒட்டியே போய்க்கிட்டிருக்கு, மூலையை நெருங்க நெருங்க எகிறிக்கிட்டே.