டி.வி. நம்ம வீட்டுக்கு எப்படி வருது?



நம்ம குப்பத்துல ஒரு அவசரச் செய்தியை ரெண்டு விதமா சொல்லலாம். மைக் கட்டி ஒரே தடவை அறிவிக்கலாம். இல்லன்னா வீடு வீடா போய் கதவைத் தட்டிச் சொல்லலாம். பழைய முறை டி.வி. முதல் வகை. இன்டர்நெட் டி.வி. இரண்டாவது வகை. இதைப் பற்றி நான் படித்ததையும் கணக்குப் போட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

1. மைக் வகை

இந்தியாவில் தூர்தர்ஷன் 1959-ல் டெல்லியில் தொடங்கியது. சென்னைக்கு 1975-ல் வந்தது. கோபுரம் அலையை அனுப்பும். மொட்டைமாடி ஆன்டெனா வாங்கிக்கொள்ளும். 2021-க்குள் இந்தக் கோபுரங்களில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிட்டார்கள். இப்போ கேபிளும், டிஷ்ஷும்தான். தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை 2004-ல் ஆரம்பமானது. செயற்கைக்கோள் இருப்பது சுமார் 36,000 கி.மீ. உயரத்தில். பத்து வீடு பார்த்தாலும் பத்து லட்சம் வீடு பார்த்தாலும் அதே ஒரு அலைதான். கூடுதல் செலவு இல்லை.

2. கதவு தட்டும் வகை

இன்டர்நெட்டில் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா அனுப்பணும். ஒரு படம் நொடிக்கு 2 மெகாபிட் என்று வைப்போம். ஒரு மணி நேரத்துக்கு 7,200 மெகாபிட். 8-ஆல் வகுத்தால் 900 மெகாபைட்! ஆயிரம் வீடு ஒரே நேரத்தில் பார்த்தால் நொடிக்கு 2,000 மெகாபிட் தேவை. 2023 உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதிப் போட்டியை ஒரே நேரத்தில் 5 கோடியே 90 லட்சம் பேர் இப்படிப் பார்த்தார்கள். அதற்காகப் பல ஊர்களில் சர்வர்கள் வைத்து, நகல் எடுத்து அனுப்புகிறார்கள்.

இதில் பெரிய நன்மையும் உண்டு. விட்டுப்போன பாடத்தை ராத்திரி பார்க்கலாம், நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். மைக்கில் சொன்னதைத் திரும்பக் கேட்க முடியாதே!

3. சிக்ஸர் சத்தம் ஏன் முன்னாடி வருது?

அலை செயற்கைக்கோளுக்கு ஏறி இறங்க கால் நொடிதான். இன்டர்நெட்டிலோ படத்தைத் துண்டு துண்டாக்கி, சேர்த்து வைத்துக் காட்டுவதால் பல நொடி தாமதம். அதான் பக்கத்து வீட்டுல டிஷ்ல பாக்கறவங்க முதல்ல கத்துறாங்க!

4. புயல் நாளில்?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. இப்படிப்பட்ட நாளில் கரண்ட் போனால் டி.வி. ரெண்டுமே அவுட். செல்போன் கோபுரத்தின் பேட்டரி தீர்ந்தால் நெட்டும் போகும். கடலில் தூரம் போனாலும் சிக்னல் கிடைக்காது. பேட்டரி ரேடியோ மட்டும் பேசும். புதுச்சேரி வானொலி 1967-லிருந்து ஒலிபரப்புகிறது. எங்க தாத்தா டிரான்சிஸ்டரை விடாததன் காரணம் இப்போ புரிகிறது.

செல்போனிலும் ‘மைக்’ முறை வந்திருக்கிறது. ஒரு பகுதியில் உள்ள எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை அனுப்புவதை 2023-ல் இந்தியாவில் சோதித்தார்கள்.

பாடம் படிக்க, படம் பார்க்க இன்டர்நெட் நல்லது. உயிர் காக்கும் செய்திக்கு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும் அலைதான் வேணும். ரெண்டும் வேணும் என்பதே என் முடிவு.

சிந்திக்க: உங்க வீட்டுல வேலை செய்யற பேட்டரி ரேடியோ இருக்கா? மழைக்காலத்துக்கு முன்னாடி ஒரு தடவை போட்டுப் பாருங்க!