காற்றைக் கட்டிய உலோகம்

நாம் மூச்சுவிடும் காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன் வாயு. பயிர் வளர அது இன்றியமையாதது. நம் உடலிலுள்ள புரதத்திற்கும் அதுவே அடிப்படை. ஆயினும், நைட்ரஜன் கடலில் மூழ்கி நிற்கும் நெற்பயிர் உரமில்லாமல் வெளிறிப் போகிறதே! இது ஏன்?

நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் மும்மைப் பிணைப்பால் இறுகக் கட்டுண்டுள்ளன. அதைப் பிரிக்க மோல் ஒன்றுக்கு 945 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஜெர்மனியில் ஹேபர் கண்ட முறையைப் பாஷ் பெருந்தொழிலாக்கினார். 1913-ஆம் ஆண்டு ஓப்பாவில் ஆலை இயங்கத் தொடங்கியது. அம்முறையில் இரும்பு வினையூக்கியோடு 400 முதல் 500 டிகிரி வெப்பமும் மிகுந்த அழுத்தமும் தேவை.

ஆனால் நிலக்கடலையின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியாக்கள் சாதாரண மண்ணின் சூட்டிலேயே அம்மோனியாவை ஆக்குகின்றன! அவற்றின் நைட்ரஜனேஸ் என்னும் நொதியில் இரும்பும் மாலிப்டினமும் இருக்கின்றன. அவ்வாறாயின், உலோகத்தின் துணைகொண்டு நாமும் அதைச் செய்யலாகாதா?

1965-இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஆலன், செனாஃப் இருவரும் வேறொரு ருத்தீனியச் சேர்மத்தைத் தயாரிக்க முயன்றனர். கிடைத்த பொருளின் அகச்சிவப்பு நிறமாலையில் எதிர்பாராத ஒரு பட்டை தோன்றியது. அதை அவர்கள் பிழையென்று ஒதுக்கவில்லை. ஆராய்ந்தபோது, உலோகத்தோடு நைட்ரஜன் மூலக்கூறே பிணைந்திருக்கக் கண்டனர். அதுவே இவ்வகை அணைவுச் சேர்மங்களுள் முதலாவது.

உலோகம் தன் எலக்ட்ரான்களை நைட்ரஜனுக்கு வழங்குவதால் அதன் பிணைப்பு தளர்கிறது. பின்னர் ஆறு எலக்ட்ரான்களும் ஆறு புரோட்டான்களும் படிப்படியாகச் சேர, இரண்டு அம்மோனியா மூலக்கூறுகள் பிறக்கின்றன. 1975-இல் இங்கிலாந்தில் சாட் குழுவினர் டங்ஸ்டன், மாலிப்டினம் அணைவுகளுடன் அமிலம் சேர்த்து அம்மோனியா பெற்றனர். எனினும் அணைவு ஒருமுறைக்கே பயன்பட்டது. 2003-இல் அமெரிக்காவில் ஷ்ராக்கும் யாண்டுலோவும் ஒரே மாலிப்டினம் அணைவைச் சுமார் நான்கு சுற்றுகள் வேலை செய்ய வைத்தனர். 2019-இல் ஜப்பானில் நிஷிபயாஷி குழுவினர், நீரையும் சமாரியம் அயோடைடையும் கொண்டு, வினையூக்கியைப்போல் 4,350 மடங்கு வரை அம்மோனியா ஈட்டினர்.

சமாரியம் விலைமிக்கது, ஆகவே ஹேபர் ஆலையின் இடத்தை இம்முறை இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் குறைந்த செலவில் உரம் கிடைத்தால் ஏழை உழவனுக்கு எத்துணை நன்மை!

தோழியரே, அடுத்த முறை கடலைச்செடி ஒன்றைப் பிடுங்கும்போது வேர்முடிச்சைக் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அங்கே வேலை நடக்கிறது என்று பொருள். பேரறிஞர் பலர் பல்லாண்டுகள் தேடும் விடை, நம் காலடியில் ஓசையின்றி இயங்குகிறது!